ஃபோரம் என்றொரு நிறுத்தம்

பொம்மனஹள்ளியில் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஓசூர் சாலையோரம் நின்றால் கன்னடமும் தமிழும் கலந்து காதில் விழும். கார்மென்ட்ஸ் பெண்கள் வரிசை வரிசையாக வெளியே வருவார்கள். அங்கிருந்து பஸ் ஏறி, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி, நம் ஊர் ஆம்னி பஸ்கள் புறப்படும் மடிவாளாவையும் கடந்தால் பெங்களூரின் கோரமங்களாவில் ஃபோரம் மால் வரும். முழுத் தூரமும் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் 2004இல் அது திறந்தபோது எங்களுக்கு அது வேறு ஊர். பொம்மனஹள்ளி அப்போது மாநகராட்சிக்குள் இல்லை, தனி நகரசபை. 2007இல் சுற்றியிருந்த ஏழு நகரசபைகள், கெங்கேரி, 110 கிராமங்கள் எல்லாவற்றையும் சேர்த்து பி.பி.எம்.பி. என்ற பெருநகர மாநகராட்சியை அமைத்தபோதுதான் நாங்களும் பெங்களூரு ஆனோம். அதுவரை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நகரத்தின் வாசலே ஃபோரம்தான்.

கட்டியது பிரெஸ்டீஜ் குழுமம். அதன் மூலம் ஒரு துணிக்கடை. ரசாக் சத்தார் பெங்களூரில் ஆண்களுக்கான துணியும் தையலும் வைத்து நடத்திய கடையிலிருந்து வளர்ந்து, 1986இல் கட்டுமானத் தொழிலுக்குள் வந்த குடும்பம் அது. ஒரே கூரையின் கீழ் 11 திரைகள் கொண்ட சினிமா, மெக்டொனால்ட்ஸ், அடுக்கடுக்காகக் கடைகள். அதற்கு முன் இந்த ஊர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. என்னை இழுத்தது லேண்ட்மார்க் புத்தகக் கடை. 1987இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் பிறந்த கடை இங்கும் வந்திருந்தது. ஒன்றும் வாங்காமல் மணிக்கணக்கில் நின்று படிக்கலாம். அது மூடப்பட்ட பிறகு நான் அங்கே போவது குறைந்துவிட்டது.

மாலுக்குள் எத்தனை துணிக்கடைகள்! அதே சாலையில் தெற்கே, பெரிய பிராண்டுகளுக்கான சட்டைகள் தைக்கப்படும் ஆலைகள். 2010இல் சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்தது. கார்கள் மேலே பறந்தன. ஆலைக்கு நடந்துபோகிறவர்கள் அதன் நிழலுக்குள் வந்தார்கள்.

2016 ஏப்ரலில் அந்த நிழலிலிருந்து அவர்கள் வெளியே வந்தார்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. சில வருடம் தைத்துவிட்டு, உடம்பு முடியாமலோ பிள்ளையின் படிப்புக்காகவோ கல்யாணத்துக்காகவோ அந்தப் பணத்தை நம்பி வேலையை விடுகிறவர்கள் அவர்கள். ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் ஆலையை விட்டிறங்கி ஓசூர் சாலையில் உட்கார்ந்தார்கள். முன்னே நின்று நடத்தப் பெரிய சங்கமோ கட்சிக் கொடியோ கிடையாது. மறுநாள் போராட்டம் நகரம் முழுக்கப் பரவியது. கல்வீச்சும் தடியடியும் நடந்தன. அன்று மாலையே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. இந்தச் சாலையின் வரலாற்றில் எனக்கு இதைவிடப் பெரிய நாள் இல்லை.

மாலின் கதையில் அடுத்த திருப்பம் 2021. பிரெஸ்டீஜ் தன் மால்களை அமெரிக்காவின் பிளாக்ஸ்டோனுக்கு விற்றது. பல ஆயிரம் கோடி ரூபாய் பேரம். அடுத்த வருடம் ஃபோரம் என்ற பெயர்ப்பலகை இறங்கி, நெக்ஸஸ் கோரமங்களா ஏறியது. சென்னை வடபழனியில் விஜயா வாஹினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் எழும்பிய ஃபோரம் விஜயாவும் அப்படித்தான் நெக்ஸஸ் விஜயா ஆனது. 2023 மே மாதம் இந்த மால்களையெல்லாம் ஒரு அறக்கட்டளைக்குள் வைத்து, 100 ரூபாய் யூனிட்டுகளாகப் பிரித்து 3,200 கோடி திரட்டிப் பங்குச்சந்தையில் பட்டியலிட்டார்கள். சில்லறை வணிகக் கட்டடங்களுக்கு இந்தியாவில் அதுவே முதல் ரீட், அதாவது ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை. கடைகள் தரும் வாடகையில் செலவு போக மிஞ்சும் பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட்காரர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது விதி.

தையல்கடைக் குடும்பத்திடமிருந்து நியூயார்க் நிறுவனத்துக்கு, அங்கிருந்து முகம் தெரியாத ஆயிரமாயிரம் டீமேட் கணக்குகளுக்கு. கட்டடம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சட்டப்படி பொம்மனஹள்ளித் தையல்காரப் பெண்ணும் ஒரு யூனிட் வாங்கி அதன் உரிமையாளர் ஆகலாம். தன் சொந்த பி.எஃப். பணத்தையே ரோட்டில் உட்கார்ந்து மீட்க வேண்டியிருந்தவளிடம் போய், இதுவும் உன் உரிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்து, பொம்மனஹள்ளிக்கும் ஒரு நிலையம் வந்தது. ஆனால் ரயில் சில்க் போர்டு தாண்டியதும் பி.டி.எம். லேஅவுட் பக்கம் திரும்பிவிடுகிறது. மாலுக்குப் போகிறவர்கள் சில்க் போர்டில் இறங்கி இன்னும் பஸ்தான் பிடிக்க வேண்டும். பலகை மாறி இத்தனை வருடம் ஆகியும், பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஃபோரம் என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.