பத்து கிலோ புழுங்கல் அரிசிக்குப் பின்னால இருக்கிற கதை



மழைக்காலம் நெருங்குது. நம்ம கோயில் மண்டபத்துல இந்த வருஷமும் வீட்டு இருப்புக்கான உணவுப் பைகள் கட்டப் போறோம். போன வாரம் குழுவுல ரெண்டு கேள்வி வந்தது. "வெள்ளம் வந்த பிறகு கொடுத்தா போதாதா, எதுக்கு முன்னாடியே வீட்டுல கொண்டுபோய் வைக்கணும்?" இது ஒண்ணு. "நல்ல வெள்ளை அரிசி கிடைக்கும்போது எதுக்குப் புழுங்கல்?" இது இன்னொண்ணு. சுருக்கமாவே பதில் சொல்லிடலாம். ஆனா இந்தக் கெடா மண்ணுல நம்ம ஆளுங்க அரிசி சேர்த்து வச்ச கதையும், சேர்த்து வைக்க முடியாமப் போன கதையும் கொஞ்சம் நீளம். நேரம் இருக்கிறவங்க படிங்க.

கெடா நாட்டோட நெற்களஞ்சியம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். அலோர் ஸ்டார் பக்கம் போனா கண்ணுக்கு எட்டின வரைக்கும் வயல்தான். ஆனா சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ரப்பர் தோட்டங்கள்ல பால் வெட்டின நம்ம பாட்டன் பூட்டன் சாப்பிட்டதுல பெரும்பங்கு கப்பல்ல வந்த அரிசி. போருக்கு முன்னாடி மலாயா தனக்கு வேண்டிய அரிசியில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கை பர்மா, சயாம் மாதிரி வெளிநாடுகள்லருந்துதான் வாங்கினது. லயத்துல இருந்த குடும்பத்துக்குப் பெரிய இருப்பு எதுவும் கிடையாது. அரிசி மூட்டை கடையில இருந்தது. கணக்குல எழுதி வாங்கணும், சம்பளத்தன்னைக்குக் கழியும். வெளியிலருந்து வரவு நின்னா அடுப்பும் நின்னுடும்.

அந்த அரிசி பெரும்பாலும் புழுங்கல். இதைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இங்கதான் ரெண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த நாட்டுல பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவங்களைக் கொன்னது. கால் வீங்கும், மூச்சு வாங்கும், கடைசியில இதயம் நின்னு போகும். நெகிரி செம்பிலான்ல வேலை பார்த்த டாக்டர் பிராடன் ஒண்ணைக் கவனிச்சார். வெள்ளையாத் தீட்டின அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகளுக்கு இந்த நோய் அதிகமா வருது, புழுங்கல் சாப்பிட்ட தமிழர்களுக்கு ரொம்பக் குறைவு. 1907ல இதைப் புத்தகமாவே போட்டார். அரிசியில ஏதோ நச்சு இருக்குன்னு அவர் நினைச்சது தப்பு, ஆனா கவனிச்சது சரி. அடுத்து 1909ல கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் தொழிலாளிகளை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, வேற வேற அரிசி கொடுத்துப் பார்த்து, நோய்க்குக் காரணம் தீட்டின அரிசிதான்னு காட்டினாங்க. நெல்லை உமியோட அவிக்கும்போது தவிட்டுல இருக்கிற பி1 சத்து உள்ள இறங்கிடுது. அப்புறம் தீட்டினாலும் ஓரளவு நிக்குது. நம்ம பாட்டிமாருக்கு பி1 எல்லாம் தெரியாது. "புழுங்கல்தான் வயித்துல நிக்கும்"னு மட்டும் தெரியும்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரன் இறங்கினான். சில நாள்லயே ஜித்ரா விழுந்தது. அடுத்த வருஷம் பர்மாவும் போச்சு, அரிசிக் கப்பல் நின்னுது. 1943 அக்டோபர்ல கெடாவை சயாம்கிட்ட ஒப்படைச்சாங்க. வயல் இருக்கிற மாநிலம்ங்கிறதால கெடா மத்த இடங்களைவிடக் கொஞ்சம் தப்பிச்சதுன்னு சொல்வாங்க. இருக்கலாம், ஆனா தோட்டத்து லயத்துக்கு அந்த நெல் எவ்வளவு வந்தது? அங்க சோறு போட்டது மரவள்ளிக்கிழங்கு. குச்சியை ஒடிச்சு நட்டா ஒரு வருஷத்துக்குள்ள கிழங்கு. வயிறு நிறையும், ஆனா புரதமும் இல்லை, புழுங்கல்ல இருந்த சத்தும் இல்லை. திரும்பவும் கால் வீங்க ஆரம்பிச்சது. வேலை செய்யக்கூடிய ஆம்பளைங்களைப் பல்லாயிரக்கணக்குல சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனதால, பல லயங்கள்ல மிஞ்சினது பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான். அந்தக் காலத்தைப் பார்த்தவங்கள்ல சிலர் கடைசி வரைக்கும் மரவள்ளியைக் கையால தொடலை.

போர் முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள 1948 ஜூன்ல அவசரகாலம். 1960 ஜூலை வரைக்கும் நீடிச்சது. இப்ப நாம 'அவசரத்துக்கு வீட்டுல அரிசி வைங்க'ன்னு சொல்றோம். அந்த அவசரகாலத்துல பங்கீட்டுக்கு மேல அரிசி வச்சிருந்தாலே சந்தேகம் வரும். காட்டுக்குள்ள இருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டு வெளிய கொண்டு வரணும்ங்கிறது அரசாங்கத்தோட கணக்கு. அதனால 1951லருந்து கட்டுப்பாடு இறுகினது. உணவுக் கட்டுப்பாட்டுப் பகுதிகள்ல காலையில வேலைக்குப் போறவங்களை வாசல்லயே சோதிப்பாங்க, சாப்பாடு எடுத்துட்டுப் போகக் கூடாது. டின் வாங்கினா கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கணும், நாள்கணக்குல வச்சிருக்க முடியாதபடி. பிற்பாடு சில பகுதிகள்ல அரிசியே கொடுக்கலை. பொதுவா சமைச்சுச் சோறாத்தான் கொடுத்தாங்க, ஏன்னா அரிசி மாசக்கணக்குல இருக்கும், சோறு மறுநாள் புளிச்சிடும். 1955 டிசம்பர் 28, 29ல துங்குவும் சின் பெங்கும் பேச உட்கார்ந்தது நம்ம பாலிங்லதான். பேச்சு முறிஞ்சது, கட்டுப்பாடு தொடர்ந்தது. நம்ம பெரியவங்ககிட்ட 'நிறைய வாங்கி வைக்காதே, அன்னன்னைக்கு வாங்கு'ங்கிற பழக்கம் எங்கிருந்து வந்ததுன்னு நான் யோசிச்சிருக்கேன். பணம் இல்லாதது ஒரு காரணம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் ஒரு காரணமா இருக்கும்னு எனக்குப் படுது.

அப்புறம் தோட்டங்கள் துண்டாச்சு, வித்தாச்சு, வீடமைப்பு வந்தது. தோட்டத்துல சம்பளம் குறைச்சல்தான், ஆனா லயத்துக்குப் பின்னால முருங்கை இருந்தது, கீரை இருந்தது, சில வீட்டுல மாடு இருந்தது. நாலாவது மாடி அடுக்குவீட்டுல ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்கவே சண்டை. 2021 நடுவுல ஜன்னல்கள்ல வெள்ளைக்கொடி தொங்கினதை மறந்திருக்க மாட்டீங்க. அதே ஆகஸ்ட்ல குனோங் ஜெராய்லருந்து யான் பக்கம் தண்ணி இறங்கினது. 2022 ஜூலை 4ல பாலிங், குப்பாங்ல வந்த வெள்ளம் உயிரையே எடுத்தது. 2023ல இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினதும் இங்க இறக்குமதி அரிசி விலை ஏறினது, உள்ளூர் அரிசி கடைத் தட்டுலருந்து காணாமப் போச்சு. ரெண்டு வருஷம் சொச்சத்துல மூணு விதமான தட்டுப்பாடு. ரோடு அடைஞ்ச பிறகு நம்ம வேன் உள்ள போக முடியாது. வேலை போன குடும்பம் வாய் திறந்து கேக்கறதுக்குள்ள ஒரு வாரம் ஓடிடும். அதனாலதான் முன்னாடியே.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். மலைத் தண்ணி இறங்கினா பையைத் தேடாதீங்க, ஆளைத் தூக்கிட்டு ஓடுங்க. பை வீட்டுக்குள்ள முடங்கிக் கிடக்கிற நாளுக்கு. தரையில வைக்காம அலமாரி மேல வைங்க.

இந்த வருஷப் பை: புழுங்கல் அரிசி 10 கிலோ. நாலு பேருக்கு ஆளுக்கு 180 கிராம் கணக்குல ரெண்டு வாரம் வரும். பருப்பு 2 கிலோ, உப்பு, எண்ணெய், புளி, காய்ந்த மிளகாய், தேயிலை, சீனி, பால் மாவு. கேஸ் தீர்ந்துட்டா சாப்பிட அவல், பொரிகடலை, பிஸ்கட், பேரீச்சம்பழம். அவலைத் தண்ணியில ஊற வச்சா போதும். கோதுமை மாவு வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு, நம்ம ஊர்ப் புழுக்கத்துல சீக்கிரம் வண்டு வச்சிடுது. சார்டின் டின் கேட்டவங்க பேச்சுலயும் நியாயம் இருக்கு, ஓட்டை போடாத டின்னை வீட்டுல வச்சிருக்க இப்ப யாரும் தடை சொல்லலை. ஆனா கோயில்ல கட்டுற பை சைவமா இருக்கட்டும், டின்னை நீங்க தனியா வாங்கிக்கங்க.

அரிசியை அப்படியே பூட்டி வைக்காதீங்க. அதுலருந்து எடுத்துச் சமைங்க, புதுசு வாங்கினா அதுல போடுங்க. தமிழ்நாட்டுல காஞ்சிப் பெரியவர் பரப்பின பிடி அரிசித் திட்டம் கேள்விப்பட்டிருப்பீங்க. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி தனியா எடுத்து வைக்கிறது. ஒரு பிடி 50 கிராம்னு வச்சா மாசம் ஒண்ணரை கிலோ. பையில ஒரு சின்ன டப்பாவும் இருக்கும், அது இதுக்குத்தான். அரிசியில ரெண்டு காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு வைங்க.

ஞாயித்துக்கிழமை காலையில பூசை முடிஞ்சதும் கட்ட ஆரம்பிப்போம். பசியாறல் மண்டபத்துலயே இருக்கு. தூக்கத் தெம்புள்ள தம்பிங்க நாலஞ்சு பேர் வாங்க, தராசு இருக்கிறவங்க கொண்டு வாங்க. மாடிப்படி ஏற முடியாத பெரியவங்க யார் வீட்டுல இருக்காங்கன்னு தெரிஞ்சா, பேரை இங்க பொதுவுல போடாம எனக்குத் தனியா அனுப்புங்க.