இந்தப் பானை எந்த ஊர் மண்ணு? பொருந்தல் முதல் கீழடி வரை... ஓட்டுச்சில்லை வைத்து கண்டுபிடிப்பது எப்படி?

திண்டுக்கல் மாவட்டம் பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல். 2009, 2010-ம் ஆண்டுகளில் புதுச்சேரி பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் குழுவினர் இங்கே அகழாய்வு செய்தனர். ஒரு ஈமக்குழியில், நான்கு கால் ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதே குழியில் ‘வய்ர’ என்று தமிழ் பிராமியில் எழுதிய, பானை வைக்கும் பிரிமனையும் இருந்தது. அமெரிக்க ஆய்வகம் ஒன்று நெல்லைச் சோதித்துச் சொன்ன காலம் கி.மு. 490.

சரி, காலம் தெரிஞ்சாச்சு. அந்தப் பானையை எங்கே வனைஞ்சாங்க? கார்பன் சோதனை இதற்குப் பதில் சொல்லாது. மண்ணைத்தான் கேட்கணும்.

மண்ணுக்கும் கைரேகை உண்டா?

கிட்டத்தட்ட உண்டு. பாறை சிதைந்துதான் களிமண் ஆகிறது. இரும்பு, அலுமினியம் எல்லா ஊர் களிமண்ணிலும் இருக்கும், அதை வைத்து பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. துப்பு கொடுப்பது மிகச் சிறிய அளவில் மட்டுமே இருக்கும் ருபீடியம், ஸ்ட்ரான்சியம், லாந்தனம் போன்றவை. சூளையில் சுட்டாலும் இந்த அளவுகள் பெரும்பாலும் மாறுவதில்லை. எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சியோ, ஓட்டுத்தூளை அமிலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ் கருவியில் விட்டோ அளக்கிறார்கள். ஓட்டை மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் கனிமங்களைப் பார்ப்பது இன்னொரு வழி.

இதனால் என்ன மாறிச்சு?

நிறைய. 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், உள்பக்கம் புள்ளி வரிசை ஓடும் ரௌலட்டட் பாண்டங்களின் மூலம் மத்திய தரைக்கடல் நாடுகள் என்று கருதினார். பிறகு வந்த ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. 2005-ல் வெளியான வேதியியல் ஆய்வு ஒன்று அரிக்கமேடு, இலங்கையின் அநுராதபுரம் உள்ளிட்ட இடங்களின் ஓடுகளை ஒப்பிட்டு, எல்லாம் ஒரே நிலவியல் மூலத்தைச் சேர்ந்தவை என்றது. அந்த மூலம் வங்காளப் பகுதி என்பது இந்திய ஆய்வாளர் கோக்டேவின் கருத்து. ரோமுக்குப் போன பார்வை வங்கக் கடலுக்குத் திரும்பியது.

கீழடி ஓடுகள் இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்துக்குப் போயின. தண்ணீர்ப் பானையும் சமையல் பானையும் உள்ளூர் மண்ணில் செய்தவை என்று முடிவு வந்ததாக, 2019-ல் தமிழகத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது.

திண்டுக்கல்லில் என்ன சிக்கல்?

பழனி மலையில் இறங்கும் தண்ணீர் இரண்டு பக்கம் போகிறது. சண்முகநதி வடக்கே அமராவதி வழியாகக் காவிரிக்கு, தெற்குச் சரிவு ஓடைகள் வைகைக்கு. ஆறு வேறு, ஆனால் மலை ஒன்று, பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. அதனால் இரண்டு பக்க வண்டலும் ஒன்றுபோலத் தெரிய வாய்ப்பு அதிகம். வங்காளப் பானையை இங்கே பிரித்துவிடலாம், பழனிப் பானையையும் நிலக்கோட்டைப் பானையையும் பிரிப்பதுதான் கஷ்டம். போதாததற்குக் குயவர் கலக்கும் மணலும், புதைந்த நிலத்திலிருந்து ஏறும் சுண்ணாம்பும் கணக்கைக் குழப்பும். அதனால்தான் ஓட்டை மட்டும் சோதித்தால் பத்தாது. அந்தந்த ஊர்க் கண்மாய் மண்ணையும், சூளையில் வீணாகிக் கிடக்கும் ஓடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.