ஆடியவர் எழுந்து சென்ற பின்

புணே நகரின் கட்கிப் பகுதியிலே ஒரு தமிழர் இல்லத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். அலமாரியின் மேல்தட்டில் பல்லாங்குழி ஒன்று இருந்தது. ஒரு குழியில் வீட்டுச் சாவிகள், மற்றொன்றில் சில்லறைக் காசுகள், எஞ்சியவற்றில் தூசி. அவ்வீட்டு இளைஞர் கணிப்பொறித் துறையில் பணிபுரிபவர். கல்லூரி நாட்களில் தாம் ஆடிய இணைய விளையாட்டொன்று மூடப்பட்டுவிட்டதை மிக வருத்தத்துடன் நம்மிடம் கூறிக்கொண்டிருந்தார். பல்லாங்குழியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை என்று நமக்குத் தோன்றிற்று.

இணைய விளையாட்டுகளிற் சில, பல்லாயிரவர் ஒரே வேளையில் நுழைந்து உலவும் கற்பனை ஊர்களாகும். 1995இல் தொடங்கிய ‘ஆக்டிவ் வேர்ல்ட்ஸ்’ என்னும் உலகில் மக்கள் தாமே வீடு கட்டினர், தோட்டம் வைத்தனர், வாயிலில் பெயர்ப்பலகையும் நட்டனர். பின்னர்க் கூட்டம் வேறிடம் நாடிற்று. வீடுகள் நின்றன. ஆளில்லாத் தெருக்களில் வரவேற்புப் பலகைகளைப் படித்துக்கொண்டே செல்வதற்கென்று அங்கே நுழைந்தவர்களும் உண்டு. எல்லா உலகுக்கும் இப்பேறு கிட்டுவதில்லை. 2009இல் தோன்றி உலகெங்கும் கோடிக்கணக்கானோரை உழவராக்கிய ‘பார்ம்வில்’ 2020 டிசம்பர் 31ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அண்டை வீட்டார் வந்து உதவிய வயல்களில் ஒரு வரப்புகூட மிஞ்சவில்லை. நிலம் நிறுவனத்தின் இயந்திரத்துள் இருந்தது. விசையை அணைத்தவுடன் நிலமும் போயிற்று.

இங்ஙனம் அழியாத தடங்களும் உள. இதே மகாராஷ்டிரத்தில், நாசிக் நகரை அடுத்த பாண்டவ லேணிக் குகைகளுக்குச் செல்வோர் சாதவாகனர், சத்திரபர் கல்வெட்டுகளை நிமிர்ந்து பார்ப்பர். சற்றே குனிந்து தரையை நோக்குவோர்க்குப் பாறையில் கீறிய கட்டங்களும் வரிசையாய்த் தோண்டிய சிறு குழிகளும் புலப்படும். இவை ஆட்டக் களங்களே என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. குகைகளோ பௌத்தத் துறவியர்க்கென அமைந்தவை. புத்தர் விலக்கிய ஆட்டங்களின் நீண்ட பட்டியலொன்று பாலி மொழியிலுள்ள பிரமஜால சுத்தத்தில் காணப்படுகிறது. எட்டு வரிசைக் கட்டமும் பத்து வரிசைக் கட்டமும் அதில் முதலிலேயே வருகின்றன. அப்படியாயின் கீறியவர் யார்? மழைக்கு ஒதுங்கிய வணிகரோ, துறவியர் நீங்கிய பின் மாடு மேய்க்க வந்த சிறுவரோ, அன்றி விதியை மீறிய ஓர் இளந்துறவிதாமோ? பாறையின் வயதைக் கணிக்கலாம். அதன்மேல் ஒருவர் பொழுதுபோகாமற் கீறிய கோட்டின் வயதைக் கணித்தல் எளிதன்று. கொடையளித்தவர் தம் பெயரைச் சுவரில் வெட்டுவித்தார். ஆடியவர் பெயர் எழுதவில்லை.

1565இல் வீழ்ந்த விசயநகரத்திலும், இன்று ஹம்பி என வழங்கும் அவ்விடத்தில், மண்டபத் திண்ணைகளிலே இத்தகைய களங்கள் பல உள்ளன. அவற்றுள் ஆடுபுலி ஆட்டத்தைத் தமிழர் எவரும் கண்டவுடன் அறிவர். நம் கீழடியிலோ களம் கிடைக்கவில்லை. வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடைகளும் ஏராளமாய் வந்துள்ளன. ஓரிடத்தில் காயில்லாக் களம். ஓரிடத்தில் களமில்லாக் காய்!

ஆயினும் களமும் காயும் ஒருங்கே கிடைத்தாலும் ஆட்டம் கிடைத்துவிடாது. விதி வேண்டும், அது ஆடுவோர் நினைவில் வாழ்வது. சாவந்தவாடியில் இன்றும் கைவண்ணத்தால் கஞ்சீபா என்னும் வட்டச் சீட்டுகளைத் தீட்டுகின்றனர். அவற்றை வாங்கிச் சுவரில் மாட்டுவோர் பலர். ஆடத் தெரிந்தவர் மிகச் சிலர். மோட்சபடம் சற்றுப் பேறுடையது. புணே டெக்கான் கல்லூரிச் சுவடித் தொகுப்பில் மராத்தி மோட்சபடங்கள் கண்டறியப்பட்டுள்ளன. நெறி கூறும் ஓவிச் செய்யுள்கள் அவற்றிலேயே எழுதப்பட்டிருத்தலின், ஆடியவர் மறைந்தும் அதன் கருத்து மறையவில்லை. ஆளந்தியில் சமாதி கொண்ட ஞானேசுவரரே அதனை இயற்றினார் என்பது மகாராஷ்டிர மரபு. வைகுண்ட ஏகாதசி இரவில் நம்மவர் விழித்திருந்து ஆடும் பரமபத சோபான படம் அதற்கு உறவே.

கட்கி இளைஞரிடம் இவற்றைச் சொன்னபோது அவர் நமக்கொரு செய்தி சொன்னார். ‘சிட்டி ஆப் ஹீரோஸ்’ என்னும் விளையாட்டு மூடப்படும் என 2012இல் அறிவித்ததும், அதில் ஆடியோர் அக்கற்பனை நகரின் சதுக்கத்தில் தீப்பந்தம் ஏந்தித் திரண்டனராம். ஆயினும் நவம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. ஆர்வலர் சிலர் விடவில்லை. 2019 முதல் அவர்களே அதனை வெளிப்படையாய் நடத்தினர். 2024 சனவரியில் உரிமையுடைய நிறுவனமே அவர்களுக்கு முறையான இசைவும் அளித்தது. ஆணைக்கு எதிராகச் சேமித்ததைப் பின்னர் ஆணையே ஏற்றுக்கொண்ட விந்தை இது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவர்தம் பாட்டியார், பல்லாங்குழியை இறக்கச் சொல்லிச் சாவிகளை எடுத்து வெளியே வைத்தார். குழிக்கு ஐந்து காய் என்றார் அவர். “எங்கள் ஊரில் ஆறு, அத்தை” என்றார் மருமகள். நான்கு காய் சேர்ந்தால் ‘பசு’ என்பதில் மட்டும் இருவர்க்கும் ஒப்புதல். புளியங்கொட்டை வீட்டில் இல்லை. இளைஞர் கடைக்குப் போய்ச் சோழி வாங்கி வந்தார். இரு விதிகளையும் நாம் எழுதி வாங்கிக்கொண்டோம்.