ஆணிக்கு வேர் இல்லை

பாதத்தில் மிளகளவு தடித்து, அடி வைக்கும்போதெல்லாம் உள்ளே குத்துகிற காய்ப்பைக் கால் ஆணி என்கிறோம். லத்தீனிலும் அதன் பெயர் ஆணிதான்: கிளாவுஸ். ஆங்கிலத்தின் 'கார்ன்', கொம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மானியருக்கு அது கோழிக்கண், ஜப்பானியருக்கு மீன்கண். கண் என்றவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள், ஆணி என்றவர்கள் பட்டதைச் சொன்னார்கள். ஆனால் ஆணி என்று சொல்லிவிட்டால் பிடுங்கத்தான் கை போகும். எங்கோ ஒரு வேர் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணத்தை ஒட்டியே கால் ஆணி வைத்தியம் நெடுங்காலம் நடந்திருக்கிறது. அந்த வேர் இல்லவே இல்லை. ஓரிடத்தில் விடாமல் அழுத்தம் விழுந்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ள அங்கே தடிக்கிறது. எலும்பு துருத்தி நிற்கும் இடமானால் அந்தத் தடிப்பு கூம்பாக இறுகி, நுனி உள்நோக்கி அமர்கிறது. மேல்தோலைச் சீவினால் நடுவில் மங்கிய கண்ணாடிபோல் ஒரு புள்ளி தெரியும். வேர் என்று நினைத்தது அதைத்தான். அதுவும் செத்த தோலே.

ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை கால் ஆணியைக் கதரம் என்று பெயரிட்டுச் சிறுநோய்களில் சேர்க்கிறது. பருக்கைக் கல் உறுத்துவதாலும் முள் தைப்பதாலும் வருவது என்று காரணம் சொல்கிறது. வெட்டியெடுத்துச் சூடான எண்ணெயால் சுடு என்பது அதன் சிகிச்சை. கி.பி. முதல் நூற்றாண்டில் லத்தீனில் மருத்துவ நூல் எழுதிய செல்சுஸோ, அவ்வப்போது சுரண்டிவிடுவதே நல்லது என்றார். காரணத்தை நெருங்கியவர் சுசுருதர். அது திரும்ப வரும் என்பதை ஒப்புக்கொண்டவர் செல்சுஸ். ஆணி என்று பெயர் வைத்த மொழியில் எழுதிய செல்சுஸே பிடுங்கச் சொல்லவில்லையே, பிறகு பெயர்மீது பழி போடுவது எப்படி என்று கேட்கலாம். நூல் எழுதியவர் சொல்லைத் தாண்டிப் பார்த்தார். வலியோடு தெருவில் நின்றவருக்கு அந்தச் சொல்தான் கையில் இருந்தது.

அந்தத் தெருவை இங்கிலாந்தில் நன்றாகப் பார்க்கலாம். பென் ஜான்சனின் 1614ஆம் ஆண்டு நாடகமான 'பார்த்தலோமியூ ஃபேர்' காட்டும் சந்தைக் கூட்டத்தில் கால் ஆணி வெட்டுகிறவரும் ஒரு பாத்திரம். அவர் தொழிலுக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொடுத்தது செருப்புத் தொழில். குதிகால் உயர்ந்த காலணி பரவிய 1600 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், ஐரோப்பாவில் பெரும்பாலும் இடது வலது பேதம் இல்லாமல் ஒரே மரக்கட்டையில்தான் இரண்டு காலணியும் தைத்தார்கள். கால் வளைந்திருக்கிறது, காலணி நேராக இருக்கிறது. சுண்டுவிரல்தான் அதற்கு விலை கொடுத்தது. டச்சு உடற்கூற்றியலாளர் பீட்ரஸ் காம்பர் 1781இல் நல்ல காலணியின் வடிவம் பற்றியே ஒரு நூல் எழுதினார். குதிரைக்கும் மாட்டுக்கும் குளம்பு பார்க்கிற மனிதன் தன் பாதத்தைக் கவனிக்கவில்லை என்பது அவர் ஆதங்கம். கால் ஆணியின் வரலாற்றில் எந்தக் கத்தியையும்விட இந்த நூலையே நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் அது பார்வையைத் தோலிலிருந்து காலணிக்குத் திருப்பியது. கத்திக்காரர்களின் மதிப்பும் உயராமல் இல்லை. டேவிட் லோ 1785இல் லண்டனில் பாத வைத்தியத்துக்குத் தனி நூல் போட்டார். விக்டோரியா அரசியின் பாத வைத்தியர் லூயிஸ் டர்லாக்கர் 1845இல் இன்னொன்று எழுதினார். ஐசக்கர் சக்கரி, ஆபிரகாம் லிங்கனின் கால்களுக்கு வைத்தியம் பார்த்து 1862இல் அவரிடமே நற்சான்று வாங்கினார். இவர்கள் தந்த நிம்மதி பொய்யில்லை. சீவியதும் வலி குறையும். ஆனால் அதே காலணியில் காலை நுழைத்தால் அதே இடம் மறுபடி தடிக்கும்.

வெறுங்காலில் நடக்கிறவருக்கும் ஆணி வருகிறதே, காலணியை எப்படிக் குறை சொல்வது என்று கேட்டால், சுசுருதர் சொன்ன பருக்கைக் கல்லே பதில். வெறுங்காலுக்குக் கல் செய்வதை மற்றவர்க்குத் தோல் காலணி செய்கிறது. இரண்டிலும் வேலை பார்ப்பது அழுத்தம். மருந்துக்கடை பிளாஸ்திரியால் குணமாகிறதே என்றால், அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் செத்த தோலை ஊறவைத்துக் கரைக்கிறது, அவ்வளவே. எது செத்தது எது உயிருள்ளது என்று அதற்குத் தெரியாது. காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு அந்தப் பிளாஸ்திரி புண்ணாகி, புண் காலையே கேட்கும் இடம்வரை போகலாம்.

அழுத்தத்தின் கணக்கை மிகத் தெளிவாகப் போட்டுக் காட்டியது வேலூர். 1946இல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவதல்ல, உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சுமைதான் என்று நிறுவினார். ஆணி வேறு, புண் வேறு. ஆனால் உணர்ச்சியுள்ள கால் வலியால் எச்சரிக்கிறது, உணர்ச்சி போன கால் எச்சரிக்காமல் புண்ணாகிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே சுமை. எனவே அவரும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இருந்தவர்களும் களிம்பைவிடச் செருப்பின் அடித்தட்டையே பெரிதாகக் கருதினார்கள். நுண்ணறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்பும். சுமை ஒரு புள்ளியில் நிற்காமல் பாதம் முழுக்கப் பரவும். அந்த ரப்பரின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோய் மருத்துவர் எழுதிக்கொடுப்பது அதைத்தான். குதிகால் ஆணியோடு வருகிறவருக்கும் கத்தியை எடுக்கும் முன் அதைத்தான் சொல்கிறார்கள்.