பன்முகத்தன்மைக் கொள்கை மீதான விமர்சனங்கள்

பன்முகத்தன்மைக் கொள்கை மீதான விமர்சனங்கள் என்பது, கல்வி நிறுவனங்களிலும் பணியிடங்களிலும் பல்வேறு இனத்தவரும் இரு பாலாரும் இடம்பெறுவதைத் திட்டமிட்டு ஊக்குவிக்கும் கொள்கைகளுக்கு எதிராக முன்வைக்கப்படும் கருத்துக்களைக் குறிக்கும். இக்கொள்கைகள் ஐக்கிய அமெரிக்காவில் பன்முகத்தன்மை, நியாயப் பங்கீடு, உள்ளடக்கல் என்ற மூன்று சொற்களின் சுருக்கமாக டி.ஈ.ஐ. என்று அழைக்கப்படுகின்றன. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றுவரும் விவாதத்தை மையமாகக் கொண்டது. விமர்சனங்கள் வலதுசாரிகளிடம் இருந்து மட்டும் எழுவதில்லை. இடதுசாரிகளும் சமூக அறிவியல் ஆய்வாளர்களும் வெவ்வேறு காரணங்களுக்காக இக்கொள்கைகளை விமர்சித்துள்ளனர்.

வரலாறு

1961 இல் குடியரசுத் தலைவர் கென்னடி பிறப்பித்த ஆணை, அரசு ஒப்பந்ததாரர்கள் இனப் பாகுபாடின்றி ஆட்களைப் பணியில் அமர்த்த முனைப்பான நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றது. 1964 ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம், இனம், நிறம், சமயம், பால், பிறந்த நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. இதன் பின்னர் பல பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களுக்கும் பிற சிறுபான்மையினருக்கும் சேர்க்கையில் முன்னுரிமை அளிக்கத் தொடங்கின.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிசு மருத்துவக் கல்லூரி, 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. இடம் கிடைக்காத ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் தொடுத்த வழக்கில் 1978 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணிக்கை வரையறுத்த ஒதுக்கீடு செல்லாது என்றும், இனத்தைப் பல காரணிகளுள் ஒன்றாகக் கருதலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. நீதிபதி லூயிசு பவல், பல பின்புலங்களைச் சேர்ந்த மாணவர்கள் ஒன்றாகப் பயில்வதால் விளையும் கல்விப் பயனையே இதற்கு நியாயமாகக் காட்டினார். அடிமை முறையின் வரலாற்றுக்கு ஈடு செய்தல் என்ற நியாயத்தை நீதிபதி தர்குட் மார்சல் தனியாக எழுதி வலியுறுத்தினார். ஆனால் பவலின் விளக்கமே நிலைத்தது.

இந்த மாற்றம் பின்வந்த விவாதம் முழுவதையும் வடிவமைத்தது. இழைக்கப்பட்ட அநீதிக்கு ஈடு என்ற கேள்வி பின்னே சென்று, நிறுவனத்திற்கு என்ன பயன் என்ற கேள்வி முன்னே வந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து வணிக நிறுவனங்களும் பன்முகத்தன்மை இலாபத்திற்கு நல்லது என்ற கோணத்தில் பயிற்சிகளையும் தனி அலுவலகங்களையும் ஏற்படுத்தின.

முக்கிய விமர்சனங்கள்

தனிமனிதச் சமத்துவம்

அரசும் நிறுவனங்களும் ஒருவரைத் தனிமனிதராகவே நடத்தவேண்டும், ஒரு குழுவின் உறுப்பினராக அல்ல என்பது மிகப் பழைய விமர்சனம் ஆகும். சேர்க்கை இடங்கள் வரையறைக்கு உட்பட்டவை என்பதால், இன அடிப்படையில் ஒருவருக்கு அளிக்கும் முன்னுரிமை மற்றொருவருக்கு இழப்பாகிறது என்பது இதன் சாரம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற்கு எதிராக 2014 இல் தொடுக்கப்பட்ட வழக்கில், ஆசிய அமெரிக்க விண்ணப்பதாரர்களுக்கு ஆளுமை மதிப்பீட்டில் சராசரியாகக் குறைந்த புள்ளிகள் வழங்கப்பட்டது முதன்மைச் சான்றாக முன்வைக்கப்பட்டது. வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்படவில்லை என்று 2019 இல் மாவட்ட நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் 2023 சூனில் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றி, இனத்தைக் கருத்திற் கொள்ளும் சேர்க்கை முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

வகைப்பாட்டின் குறைபாடு

"ஆசியர்" என்ற ஒரே வகைக்குள் சீனர், தமிழர், வியட்நாமியர், மொங் மக்கள் என மிகவும் வேறுபட்ட பொருளாதார நிலையிலுள்ளோர் அடங்குகின்றனர். இத்தகைய வகைகள் அரசு அலுவலகங்களின் வசதிக்காக உருவாக்கப்பட்டவை என்றும், உண்மையான பின்தங்கிய நிலையை அவை காட்டுவதில்லை என்றும் 2023 தீர்ப்பில் நீதிபதி நீல் கோர்சச் உள்ளிட்டோர் சுட்டிக்காட்டினர்.

பயிற்சிகளின் பயன்

சமூகவியலாளர்கள் பிராங்க் டொபின், அலெக்சாண்ட்ரா கலேவ் ஆகியோர் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவுகளை ஆராய்ந்தனர். கட்டாயப் பன்முகத்தன்மைப் பயிற்சி மேலாளர் பதவிகளில் சிறுபான்மையினரின் பங்கை உயர்த்தவில்லை என்றும், சில பிரிவினரின் பங்கு குறையவும் செய்தது என்றும் அவர்கள் கண்டனர். வழிகாட்டுநர் திட்டங்களும், விளைவுக்குப் பொறுப்பேற்கும் குழுக்களும் கூடுதல் பயன் அளித்தன. மறைமுகச் சார்பை அளவிடும் சோதனைகள் பற்றிய 492 ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான பகுப்பாய்வு, சோதனை அளவீடு மாறினாலும் நடத்தை அதற்கேற்ப மாறுவதாகத் தெரியவில்லை என்றது.

களங்க வாதம்

முன்னுரிமை பெறும் குழுவைச் சேர்ந்தவர் தம் திறமையால் பெற்ற வெற்றியும் ஐயத்துடன் பார்க்கப்படுகிறது என்பது இவ்வாதம். உச்ச நீதிமன்றத்தின் இரண்டாவது கறுப்பின நீதிபதியான கிளாரன்சு தாமசு இதனை நெடுங்காலமாக முன்வைத்து வருகிறார். தம்முடைய யேல் சட்டப் பட்டத்தைப் பணியளிப்போர் குறைத்து மதிப்பிட்டதாக அவர் 2007 இல் வெளியான தன்வரலாற்றில் எழுதினார்.

வர்க்கம் மறைக்கப்படுதல்

இடதுசாரி விமர்சகர்களுள் வால்டர் பென் மைக்கேல்சு குறிப்பிடத்தக்கவர். 2006 இல் வெளியான நூலில், பன்முகத்தன்மை பற்றிய பேச்சு பொருளாதார ஏற்றத்தாழ்வைப் பார்வையிலிருந்து மறைக்கிறது என்று அவர் வாதிட்டார். மேல்தட்டில் எல்லா இனத்தவரும் சரிவிகிதத்தில் இருந்தாலும், மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் இடையிலான தூரம் குறைவதில்லை என்பது அவரது நிலைப்பாடு.

கருத்துச் சுதந்திரம்

ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிப்போர் பன்முகத்தன்மைக்கான தம் ஈடுபாட்டை எழுத்தில் விளக்கவேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கோரின. இது ஒரு குறிப்பிட்ட கருத்தியலை ஏற்கச் செய்யும் உறுதிமொழி போன்றது என்று விமர்சிக்கப்பட்டது. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் 2024 இல் இத்தேவையைக் கைவிட்டது.

சமூக விளைவுகள்

கலிபோர்னியா மாநில வாக்காளர்கள் 1996 இல் 209 ஆம் முன்மொழிவை ஏற்று, பொதுக் கல்வியிலும் அரசுப் பணியிலும் இன முன்னுரிமையைத் தடைசெய்தனர். 1998 இல் பெர்க்லி, லாசு ஏஞ்சலசு வளாகங்களில் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க மாணவர் சேர்க்கை கடுமையாகக் குறைந்தது. இத்தடையை நீக்கும் முயற்சி 2020 இல் வாக்கெடுப்பில் தோல்வியுற்றது.

முன்னுரிமையால் சேரும் மாணவர்கள் தம் தயாரிப்புக்கு மிஞ்சிய கல்லூரிகளில் தடுமாறுகின்றனர் என்ற பொருந்தாமைக் கருதுகோளை 2004 இல் ரிச்சர்டு சாண்டர் முன்வைத்தார். இது இன்றும் சர்ச்சைக்குரியது. 209 ஆம் முன்மொழிவின் விளைவுகளை ஆராய்ந்து 2022 இல் சக்கரி பிளீமர் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிரான முடிவைத் தந்தது. முன்னுரிமை நீக்கப்பட்ட பின், பாதிக்கப்பட்ட மாணவர்கள் பட்டம் பெறும் வாய்ப்பும் பிற்கால வருமானமும் குறைந்தன என்று அது கண்டது.

2023 தீர்ப்புக்குப் பின் சேர்ந்த முதல் மாணவர் குழுவில், மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் கறுப்பின மாணவர் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. யேல், பிரின்சுடன் பல்கலைக்கழகங்களில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை.

எதிர்வாதங்கள்

* பாகுபாடு பழங்கதை அல்ல. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், பெயரைத் தவிர ஏறத்தாழ ஒரே தரத்திலான விண்ணப்பங்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் அனுப்பப்பட்டன. வெள்ளையர் பெயர் கொண்டவற்றுக்குக் கறுப்பினப் பெயர் கொண்டவற்றைவிட 50 விழுக்காடு கூடுதலான அழைப்புகள் வந்தன.
* தூய தகுதி முறை என்று ஒன்று முன்னரும் இருந்ததில்லை. 2019 இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஹார்வர்ட் சேர்த்துக்கொண்ட வெள்ளை மாணவர்களில் 43 விழுக்காட்டினருக்கு மேற்பட்டோர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர் மற்றும் ஊழியர்களின் பிள்ளைகள், கல்லூரித் தலைவரின் சிறப்புப் பட்டியலில் உள்ளோர் ஆகிய பிரிவுகளில் அடங்கினர்.
* பயிற்சி பயனற்றது என்பது இலக்கு தவறானது என்பதற்குச் சான்றாகாது. டொபின், கலேவ் ஆகியோரும் வேறு வழிமுறைகளையே பரிந்துரைத்தனர்.

அதே வேளை, பன்முகத்தன்மை இலாபத்தை உயர்த்தும் என்ற வாதம் வலுவிழந்துள்ளது. மெக்கின்சி நிறுவனம் 2015 முதல் வெளியிட்ட அறிக்கைகளின் முடிவுகளை, 2024 இல் வெளியான ஓர் ஆய்வால் ஐக்கிய அமெரிக்கப் பெருநிறுவனங்களின் தரவுகளில் மீண்டும் பெற இயலவில்லை. இலாபத்தை நியாயமாகக் காட்டிய கொள்கை, இலாபம் ஐயத்திற்குள்ளாகும்போது தானும் ஆட்டம் காண்கிறது என்பதைக் கொள்கையின் ஆதரவாளர் சிலரும் சுட்டிக்காட்டுகின்றனர்.

அண்மைய நிகழ்வுகள்

டெக்சாசு, புளோரிடா மாநிலங்கள் 2023 இல் அரசுப் பல்கலைக்கழகங்களில் டி.ஈ.ஐ. செயற்பாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றின. 2025 சனவரியில் குடியரசுத் தலைவர் டிரம்ப் நடுவண் அரசின் டி.ஈ.ஐ. திட்டங்களை நிறுத்த ஆணையிட்டதுடன், ஒப்பந்ததாரர்கள் தொடர்பான 1965 ஆம் ஆண்டு ஆணையையும் நீக்கினார். வால்மார்ட், மெக்டொனால்ட்சு முதலிய நிறுவனங்கள் தம் திட்டங்களைக் குறைத்துக்கொண்டன. காசுட்கோ நிறுவனத்தின் பங்குதாரர்களோ, இத்திட்டங்களின் இடர்களை மதிப்பிட்டு அறிக்கை அளிக்கக் கோரிய தீர்மானத்தைப் பெரும் வாக்கு வேறுபாட்டில் நிராகரித்தனர்.

2025 சூனில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மைக் குழுவைச் சேர்ந்தவர் பாகுபாட்டு வழக்குத் தொடுக்கும்போது கூடுதல் சான்று காட்டத் தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

பொருளியலாளர் தாமசு சோவெல் 2004 இல் வெளியிட்ட நூலில் இந்தியா, மலேசியா, இலங்கை, நைசீரியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் முன்னுரிமைக் கொள்கைகளை ஒப்பிட்டார். தற்காலிகமாகத் தொடங்கும் முன்னுரிமை நிலைத்துவிடுகிறது என்பதும், பயன் அக்குழுவில் வசதி படைத்தோரையே சென்றடைகிறது என்பதும் அவரது முடிவுகள். எனினும் இந்நாடுகளின் சூழல்கள் ஒன்றல்ல. இலங்கையில் 1970களில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், அரசியல் அதிகாரம் பெற்றிருந்த பெரும்பான்மையினருக்குச் சாதகமாகவும் தமிழ் மாணவர்களுக்குப் பாதகமாகவும் அமைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் முன்னுரிமை பெற்றோர் எண்ணிக்கையிலும் அதிகாரத்திலும் சிறுபான்மையினர். இந்தியாவில் இட ஒதுக்கீடு சாதி ஒடுக்குமுறைக்கான ஈடாகவே அரசியலமைப்பில் இடம்பெற்றது. கல்விப் பயன் என்ற நியாயத்தை அது சார்ந்திருக்கவில்லை.

இவற்றையும் பார்க்க

* இட ஒதுக்கீடு
* குடிசார் உரிமைகள் இயக்கம்
* சமூக நீதி
* தரப்படுத்தல் (இலங்கை)