விசைப்பலகை இப்ப ஆரிட்ட நிக்குது?

பைதனில் சின்ன புரோகிராம் ஒன்றை ஓட விடுறம். கீழே ரெர்மினல் ஒரு எண்ணைக் கேட்குது. நாங்கள் 5 ஐத் தட்டுறம். அது ரெர்மினலுக்குப் போகாமல் மேலே எடிற்றரில், நல்லா இருந்த வரிக்கு நடுவில போய்க் குந்துது. அடுத்த தரம் ஓட விட்டால் பிழை. யாழ்ப்பாணத்தில் கணினி படிச்ச எங்களில் கனபேர் இதைத் தங்கட மொக்குத்தனம் எண்டு நினைச்சிருக்கிறம். உண்மையில் இதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

ஒரு விசைப்பலகையிட்ட கனக்க வேலை வாங்குறது எங்கட ஊருக்குப் புதுசில்லை. 1886 இல் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூருக்குப் போன இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைக்கேலாது. அதனால் புள்ளிக்கு நகரா விசை: அதைத் தட்டினால் தாள் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழேயே விழும். எங்கே விழுந்தது என்ற குழப்பம் மட்டும் இல்லை. தாள் ஒண்டுதானே!

1969 இல் கென் தொம்சன் எழுதிய 'எட்' எடிற்றரும் தாளில் அச்சடிக்கும் ரெலிரைப் காலத்தது. அடிப்பது கட்டளையா எழுத்தா என்பதை நினைவில் வைத்தால் போதும். 1983 இல் வந்த ரேர்போ பாஸ்கல், எடிற்றரையும் கம்பைலரையும் ஒன்றாக்கியது. புரோகிராம் ஓடும்போது முழுத்திரையும் அதற்கே. எடிற்றரும் ரெர்மினலும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்த பிறகுதான் கண் ஓரிடம், விசை ஓரிடம் ஆனது.

தமிழில் எழுதுற எங்களுக்கு இன்னொரு சுமையும் இருக்கு. கருத்துரையைத் தமிழில் அடிச்சிட்டு மொழியை மாத்த மறந்தால், ரெர்மினல் அப்பிடி ஒரு கட்டளையே இல்லை எண்டு சொல்லும். ஆங்கிலத்தில் மட்டும் அடிக்கிறவை ஒண்டை நினைவில் வைச்சால் காணும். நாங்கள் இரண்டை வைக்க வேணும்.

விஎஸ் கோட்டில் கொன்ட்ரோலோட, 1 க்கு இடப்பக்கம் இருக்கிற விசையைத் தட்டினால் ரெர்மினல். கொன்ட்ரோலோட 1 ஐத் தட்டினால் திரும்ப எடிற்றர். பத்து நிமிசத்தில கை பழகிடும். இதைச் சொல்லிக் குடுக்க ஆளில்லாமல் "எனக்குக் கோடிங் வராது" எண்டு எழும்பிப் போற தம்பி தங்கச்சிமார் இருக்கினம். பக்கத்தில இருந்தால் ஏசாதேங்கோ. கேர்சர் எங்க மினுங்குது எண்டு முதல் பாக்கச் சொல்லுங்கோ.