தோற்கும் அணியும் ஊர்மக்களும்

விளையாட்டைப் பற்றி எழுதப்புகும்போது நம்மிற் பலர் ஒருவகைக் கூச்சத்துக்கு ஆளாகின்றனர். மொழி, நிலம், கூலி ஆகியன ஆராய்ச்சிக்குரியன. பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கு என்பது கற்றோரிடையே நிலவும் எண்ணம். மக்களின் சிந்தனையை மழுங்கடிக்கும் போதை என்று அதனை ஒதுக்கிவிடும் தோழர்களும் உளர். ஆயினும் பளையிலும் பச்சிலைப்பள்ளிப் பகுதியின் ஏனைய ஊர்களிலும் ஞாயிறு மாலைகளில் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் கூட்டத்தைக் கண்டவருக்கு ஒரு கேள்வி எழாமற் போகாது. தென்னந்தோட்டத்திற் கூலிக்குத் தேங்காய் உரிப்பவரும், மேசன் வேலை முடித்து வந்தவரும், துவிச்சக்கர வண்டியிற் பிள்ளையை ஏற்றி வந்த தகப்பனும், நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருக்கும் தம்மூர் அணியை விட்டு அகலாது நிற்கின்றனர். அடுத்த ஆட்டத்துக்கும் வருவர். வெல்லும் அணிகளைப் பார்ப்பதற்குத் தொலைக்காட்சி வீட்டிலேயே இருக்கிறது. இவர்கள் எதனை நாடி இங்கு வருகின்றனர்?

மார்க்சியர் எல்லோரும் இக்கேள்வியை அற்பமெனத் தள்ளினாரல்லர். திரினிடாட்டிற் பிறந்த ஸி. எல். ஆர். ஜேம்ஸ், 1963 இல் வெளியிட்ட கிரிக்கெட் பற்றிய நூலில், தம் இளமைக்காலத்துக் கழகங்களை நிறமும் வர்க்கமும் வகுத்த ஒரு வரைபடமாகவே காட்டினார். வெள்ளையருக்கு ஒரு கழகம். மாநிற மத்தியதர வர்க்கத்தாருக்கு மற்றொன்று. கறுப்பினத்துக் கீழ் மத்தியதரத்தாருக்கு வேறொன்று. மேற்கிந்திய அணியைக் கறுப்பர் ஒருவர் ஒரு தொடர் முழுவதும் தலைமை தாங்க வேண்டுமென்று அவர் தம் பத்திரிகையிற் போராடினார். 1960 இல் அவுஸ்திரேலியா சென்ற அணிக்கு பிராங்க் வொரெல் தலைவரானார். களத்தின் ஓரத்தில் நின்ற மக்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதை ஜேம்ஸ் அறிந்திருந்தார்.

ஊர் அணிமீது கொள்ளும் பற்று தொன்மையானது போலத் தோன்றினும், இன்று நாம் காணும் வடிவில் அது யந்திரத் தொழிலின் பிள்ளையே. ஆட்டத்தைப் பார்க்கச் செல்வதற்கு ஓய்வு வேண்டும். நுழைவுக் காசு வேண்டும். வெளியூர் செல்லப் புகையிரதம் வேண்டும். இங்கிலாந்தில் 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளிற் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமைகளிற் பிற்பகல் இரண்டு மணியோடு வேலையை நிறுத்த வழி செய்தது. 1863 இல் உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தோர் பெரும்பாலும் உயர்குடிப் பாடசாலைகளிற் கற்ற கனவான்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1883 இன் கிண்ண இறுதியாட்டத்தில், பிளாக்பேர்ண் ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி ஈற்றன் கல்லூரிப் பழைய மாணவரை 2–1 என்று வென்றது. 1878 இற் புகையிரதப் பெட்டித் தொழிலாளர் தொடங்கிய நியூற்றன் ஹீத் கழகமே பின்னர் மான்செஸ்ரர் யுனைற்றட் ஆயிற்று. 1886 இல் வூலிச் ஆயுதச்சாலைத் தொழிலாளர் தொடங்கியதே ஆர்சனல். ஆலை தொழிலாளியுடையதன்று, அவன் குடியிருந்ததும் வாடகை வீடு. ‘எங்களது’ என்று அவன் வாய்நிறையச் சொல்லக்கூடியனவாக இருந்தவை மிகச் சில. அவற்றுள் அணியும் ஒன்று. அச்சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதும் விரைவிலேயே தெரிந்தது. 1913 இல் ஆர்சனலின் உரிமையாளர் அதனை ஆற்றுக்கு மறுகரையிலுள்ள ஹைபரிக்குக் கொண்டுபோயினர். வூலிச் தொழிலாளர் கரையில் நின்றனர்.

அக்ரிங்ரன் என்ற நெசவாலை நகரின் கதை இதனினும் நெஞ்சைத் தொடுவது. 1888 இல் உதைபந்தாட்ட லீக்கைத் தொடங்கிய 12 கழகங்களுள் அவ்வூர்க் கழகமும் ஒன்று. 1893 இல் அது லீக்கை விட்டு விலகி, மூன்று ஆண்டுகளில் மறைந்தது. பின்வந்த அக்ரிங்ரன் ஸ்ரான்லி 1921 இல் லீக்கிற் சேர்ந்து, கடன் தாளாது 1962 மார்ச்சில் விலகி, 1966 இற் கலைந்தது. லங்காஷயரின் பருத்தி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த காலம் அது. 1968 இல் ஊரவர் கூடி அதே பெயரிற் கழகத்தை மீண்டும் தொடங்கினர். லீக்கில் இடம் கிடைக்க 2006 ஆம் ஆண்டு வரை காத்திருந்தனர்! 1962 இல் அவர்களின் இடத்தைப் பெற்ற ஒக்ஸ்போட் யுனைற்றட் கழகம், அவர்கள் திரும்பிவந்த அதே ஆண்டிற் கீழே இறங்கியமை வரலாற்றின் குறும்பு. அந்த 44 ஆண்டுகளில் அக்ரிங்ரன் வாசி ஒருவர், பஸ் தூரத்திலுள்ள மான்செஸ்ரருக்குச் சென்று வெற்றியைப் பார்த்திருக்கலாம். பலர் சென்றுமிருப்பர். செல்லாதோரே கழகத்தைக் காத்தனர்.

நமக்கு அண்மையில், அகதி வாழ்வோடு பிணைந்த உதாரணம் கல்கத்தாவில் உண்டு. ஈஸ்ற் பெங்கால் கழகம் 1920 ஓகஸ்டில் தோன்றியது. தொடங்கியோர் வசதி படைத்தவர்களே. 1947 இல் வங்காளம் துண்டாடப்பட்டு, இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து குடிசைக் குடியிருப்புகளில் ஒதுங்கியபோதுதான், அந்தப் பெயர் முற்றிலும் புதிய பொருள் பெற்றது. நாட்டுப்படத்தில் இல்லாதொழிந்த ஓர் ஊர், பந்தாட்டப் புள்ளி அட்டவணையில் மட்டும் இருந்தது. அண்மைக்காலம் அக்கழகத்துக்கு இனியதன்று. இந்திய சுப்பர் லீக்கிற் சேர்ந்த பின், 2020–21 முதல் 2024–25 வரை, ஐந்து பருவங்களில் நான்கில் ஒன்பதாம் இடம். மற்றதிற் கடைசி இடம். 2021 யூலையில் முதலீட்டாளரோடு எழுந்த ஒப்பந்தத் தகராற்றின்போது இரசிகர்கள் கழக வாயிலிற் கூடினர்; பொலிசாரின் தடியடியும் பட்டனர். கடைசி இடத்துக்கு வரப்போகும் அணிக்காக முதுகிலே அடி வாங்கியோரை நகைப்பது எளிது. ‘இது யாருடையது?’ என்பதே அன்று வாயிலில் நின்றோரின் கேள்வி.

இனி நமது பக்கம் வருவோம். யாழ்ப்பாணத்தில் அணிப்பற்றின் மூத்த மேடை கல்லூரிக் கிரிக்கெட்டாகும். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் ‘வடக்கின் பெரும்போர்’ கடல் கடந்தோரையும் இழுத்துவரும் வல்லமை உடையது. ஆயின் அந்தப் பற்றுக்கு ஒரு நுழைவுச்சீட்டு இருந்தது: கல்லூரியிற் கற்றிருத்தல் வேண்டும். யார் கற்றனர் என்பதை மறந்துவிட்டுப் பழைய மாணவர் பெருமை பேசலாகாது. உதவிபெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கப்பட வேண்டுமென 1929 இல் அரசு பணித்தபோது, எதிர்த்தெழுந்தோர் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்த மண் இது.

கிராமத்தில் நிலைமை வேறு. மாட்டுவண்டிச் சவாரியில் ஊரே ஆர்ப்பரிக்கும். ஓடும் காளையோ வசதி படைத்தவரின் காளை. சித்திரை வருடப்பிறப்பிற் போர்த்தேங்காய் அடிப்போர் வலிய சிரட்டையைத் தேடி அலைவர். உடைந்தால் அது தனியொருவரின் தோல்வி. வாசிகசாலையும் அதனோடு சேர்ந்த விளையாட்டுக் கழகமும் எழுந்தபோதுதான், காணியற்றவனின் மகனும் ஊரின் பெயரை மார்பில் அணியக்கூடிய நிலை வந்தது. இதனையும் மிகைப்படுத்தலாகாது. கழகங்கள் பலவும் குறிச்சி வாரியாகவே அமைந்தன. குறிச்சியென்பது சாதியின் மறுபெயராக இருந்த இடங்களில் ‘எங்கள் அணி’ என்ற சொல் வேலியாகவும் பயன்பட்டது. ஜேம்ஸ் திரினிடாட்டிற் கண்டதை நாம் நம் வேலிக்குள்ளேயே காணலாம்.

பின்னர் போர் வந்தது. 1990 இல் யாழ்தேவி நின்றது. 2000 ஏப்ரிலில் ஆனையிறவு வீழ்ந்தபோது பளையைச் சூழ்ந்த நிலம் போர்க்களமாயிற்று. அதன்பின் முகமாலை, கிளாலி, நாகர்கோவில் ஊடாகச் சென்ற முன்னரங்கக் கோடு எமது பகுதியைப் பிளந்தது. 2009 இல் வன்னி மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். மீண்டு வந்தோருக்கு நிலம் இருந்தது. அதன்மேற் கால் வைக்க அனுமதி இல்லை. முகமாலையின் கண்ணிவெடிகளை அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. நகரத்து மைதானமும் தப்பவில்லை: 1999 இல் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கைச் சீரமைக்கத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2014 மார்ச் 4 இற் புகையிரதம் பளைக்குத் திரும்பியது; ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணம் வரை செல்லும்வரை, ஏழு மாதங்களாகப் பளையே கடைசித் தரிப்பிடமாக இருந்தது. அக்காலத்தில் எமது ஊரின் பெயர் கொழும்புக் கோட்டையில் ஒலித்ததைச் சிலர் பெருமையோடு சொல்வர். அது தற்காலிகப் பெருமை.

இத்தகைய நிலத்தில் ஒரு மைதானம் என்பது, வெடிக்காது என்ற நம்பிக்கையோடு எவரும் ஓடக்கூடிய இடம். பதினொரு பேரைச் சேர்ப்பதே ஒரு சாதனை. ஏனெனில் இருபது வயதுக்காரருக்கு ஊரிலே தொழில் இல்லை. நல்ல முன்வரிசை ஆட்டக்காரன் அடுத்த ஆண்டு கட்டாரில் இருப்பான். கோல் காப்பாளன் கொழும்பிற் கடையொன்றில் நிற்பான். எமது அணிகள் தோற்பதற்குக் காரணம் திறமைக் குறைவென்று எண்ணுவோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். என் மாணவர்களிற் சிலர் ஐரோப்பியக் கழகங்களின் சட்டையை அணிந்துகொண்டே ஊர் அணிக்குக் கத்துகின்றனர். அவர்களின் தொண்டை கட்டுவது ஊர் அணிக்காகவே.

இப்போது யாழ்ப்பாணத்தின் பெயரில் வெற்றி அணியும் உண்டு. 2020 இற் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் ‘ஜப்னா ஸ்ராலியன்ஸ்’ அணி டிசெம்பர் 16 இறுதியாட்டத்திற் காலி அணியை 53 ஓட்டங்களால் வென்றது. அடுத்த ஆண்டு உரிமை கைமாற, பெயரும் ‘ஜப்னா கிங்ஸ்’ ஆயிற்று. 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அதுவே கிண்ணத்தைப் பெற்றது. மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் அவ்வணியில் ஆடியமை நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. எனினும் அந்த ஐந்து தொடர்களில் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. முதற் தொடர் முழுவதும் தொற்றுநோய் காரணமாக அம்பாந்தோட்டையில், பார்வையாளரின்றி நடந்தது. ஊரின் பெயர் ஒரு முதலீடாக வாங்கப்பட்டும் விற்கப்பட்டும் வருகையில், ஊரவர் அதனைத் திரையிற் பார்த்துக் கைதட்டினர். 2025 செப்டெம்பரில் மண்டைதீவிற் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. நல்லது. அங்கே ஆடப்போகிறவன் முதலில் எங்கே ஓடப் பழகுவான் என்று கேட்பதற்கும் நமக்கு உரிமை உண்டு. கிராமத்து மைதானங்களிற் பலவற்றுக்கு வேலி இல்லை. கோல் வலை இல்லை. சிலவற்றின் காணி யாருடையது என்பதே தீராத வழக்கு.

இந்த வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. கழகங்கள் பலவற்றின் கூட்டக் குறிப்பேடுகளும் படங்களும் இடப்பெயர்விற் போயின. ஆயினும் எழுபது வயதைக் கடந்தவர்கள் இன்னும் மைதானத்துக்கு வருகின்றனர். யார் பின்வரிசையில் நின்றான், எந்த ஊருக்கு லொறியிற் போனார்கள், எத்தனை கோல் வாங்கித் திரும்பினார்கள் என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொல்வர். வெற்றிகளைக் கேட்டாற் சற்று யோசிப்பர். நமது உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒரு கொப்பியோடு அவர்களருகில் உட்காரட்டும்.